வள்ளிக்கு மைக் வேண்டாம்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நீயே விடு, அவர் மறந்துவிடுவார். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதை விடு, நான் எழுத வந்தது வேறு.

சனிக்கிழமை சாயங்காலம் வள்ளி திருமணம் பார்த்தேன். பெசன்ட் நகரில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, எண்பது நாற்காலி போட்டால் நிறைந்துவிடுகிற ஓர் அரங்கு. டிக்கெட் 300 ரூபாய். நம்ம ஊரில் சாக்கை விரித்து விடிய விடியப் பார்த்ததற்கு யார் காசு கேட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

முருகன், வள்ளி, நாரதர் என்று மூன்றே நடிகர்கள். பக்கத்தில் ஆர்மோனியம் ஒருவர், மிருதங்கம் ஒருவர். இரவு பத்துக்கு ஆரம்பித்து விடியலில் தாலி கட்டுகிற நாடகம், ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிந்துவிட்டது.

மைக் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஏசி சத்தம் பாட்டைக் கெடுக்கிறதென்று அதையும் அணைத்துவிட்டார்கள். எல்லோரும் நோட்டீஸை விசிறியாக்கிக்கொண்டோம். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததால் ஆர்மோனியக்காரரின் கால் எனக்கு நேர் எதிரே. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தார். ஒவ்வொரு மிதிக்கும் பெடல் கிறீச்சென்றது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தாளத்தோடு சேர்ந்துகொண்டது.

எங்கள் அப்பத்தா சொல்லுமே, அந்தக் கால நாடக ஜோடி கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் மைக் இல்லாமலே கடைசி ஆள் வரைக்கும் கேட்கப் பாடுவார்கள் என்று. 1933-இல் கிட்டப்பா சின்ன வயதிலேயே போனபிறகு அந்த அம்மா வெள்ளைச் சேலைதான் என்று சொல்லி முடிக்கும்போது அப்பத்தா குரலும் இறங்கிவிடும். நாம் பார்த்ததெல்லாம் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலம். பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்து, ஆம்பளைகள் விசிலுக்கு நடுவில் பாதி வார்த்தை காதில் விழாது.

அதனால்தான் சொல்கிறேன், வள்ளியும் நாரதரும் பண்ணுகிற அந்தத் தர்க்கத்தை நான் சனிக்கிழமைதான் முழுசாகக் கேட்டேன். வள்ளி வெட்கப்பட்டுக்கொண்டே பேசுகிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கே! நாரதரை ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து மடக்குகிறாள், வக்கீல் மாதிரி. இதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் இறந்தவர், நூறு வருஷம் தாண்டிவிட்டது. கவணைக் கையில் சுற்றியபடி அந்தப் பெண் கேட்டபோது எனக்குப் பின்னால் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் "செம" என்றார்கள். கிழவனுக்குத் தேனும் தினைமாவும் கொடுத்து, விக்கலெடுத்ததும் சுனைக்குக் கூட்டிப்போகிற இடத்தில் அவள் நெற்றி வியர்வை பொட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. அவள் துடைக்கவே இல்லை.

வள்ளியை மிரட்ட வருகிற யானைக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? நாரதர்தான் யானை! தம்பூராவை வைத்துவிட்டு வலது கையை மட்டும் மெல்லத் தூக்கினார். ஆர்மோனியக்காரர் அடிக்கட்டையை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் ஒரு குழந்தை வீலென்று அழுதது.

ஆனால் கோமாளி வேஷம் போடுகிற பபூனை எடுத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. குடும்பத்தோடு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எடுத்துவிட்டார்களாம். அவன் பேச்சில் பாதி நமக்கே ஆகாது, சரி. ஆனால் தூங்கி விழுகிறவர்களை எழுப்பி, ஊர்ப் பிரசிடெண்டையே கிண்டல் பண்ணுகிற ஆள் அவன் ஒருத்தன்தானே? அவன் இல்லாமல் மேடை ரொம்பச் சுத்தமாக, யாருடைய வீட்டுக்கோ விருந்துக்குப் போன மாதிரி இருந்தது.

முடிந்ததும் ஆர்மோனியக்காரரிடம் போய்ப் பேசினேன். புதுக்கோட்டைப் பக்கம்தானாம். எப்படி இருந்தது என்று நான் கேட்பதற்குள் அவரே, "எட்டரைக்கே பெட்டியை மூடிட்டேம்மா, இன்னும் பசிகூட எடுக்கல" என்றார். ஊரில் இந்நேரம் டீயைக் குடித்துவிட்டுச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பாராம்.

அப்புறம் கடற்கரையில் சுண்டல் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வரவில்லை, வீட்டுக்குப் போகவும் மனசில்லை.

பங்குனித் திருவிழாவுக்கு இந்த வருஷம் நம்ம ஊரில் நாடகம் உண்டா, இல்லை பாட்டுக் கச்சேரியோடு நிறுத்திவிடுகிறார்களா? விசாரித்து எழுது. நாடகம்தான் என்றால் நான் வருகிறேன். தரையில் உட்கார முடியாது, எனக்கு ஒரு நாற்காலிக்குச் சொல்லி வை. பெண்கள் பக்கம் வேண்டாம், முன்னால் போடச் சொல்.

அன்புடன்,
கௌரி