ஆயாவின் சேலையும் உன் குளிர்கோட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய். இது அவசரத்தில் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை.

கறியை விட்டாயிற்று, சரி. கூட வேலை செய்யும் பெண் தன் பழைய வாத்து இறகுக் கோட்டை உனக்குக் கொடுத்திருக்கிறாள், அதைப் போடலாமா? தை மாதம் உன் கல்யாணத்துக்கு வரும்போது ஆயாவின் பட்டுச்சேலையைக் கட்டலாமா? கேள்வி இரண்டும் நியாயமானவை. நம் வீட்டில் ஞாயிறு என்றால் கறிதான் என்றிருந்தும் நீயே யோசித்து எடுத்த முடிவு அது. அதை யாரும் லேசாகப் பேச நான் விடமாட்டேன், கண்ணு.

பட்டு வளர்ச்சித் துறைச் சம்பளத்தில் உன்னைப் படிக்க வைத்தவன் நான். அதனால் பட்டைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்கிறேன். முட்டையிலிருந்து வந்த புழு ஒரு மாதத்துக்குள் மல்பெரி இலை தின்று, நாலு முறை தோலுரித்து, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டில் ஏறிக் கூடு கட்டும். அப்படியே விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வந்தால் இழை அறுந்துவிடும். ஒரு நல்ல வெண்கூட்டில் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஒரே இழையாக இருக்கும். அது அறாமல் கிடைக்கத்தான் உள்ளே இருப்பதை ஆவியிலோ வெப்பக்காற்றிலோ கொல்கிறார்கள். நூற்பகத்தில் கொதிநீர்த் தொட்டி முன் இருக்கும் பெண்கள் கூடுகளைத் துழாவி இழை நுனியைப் பிடிப்பார்கள். உருவ உருவக் கூடு மெலிந்து கண்ணாடித்தாள் மாதிரி ஆகும், உள்ளே வெந்த புழு பழுப்பாகத் தெரியும். கடைசியில் அது தண்ணீரில் விழும். அந்த வாடை சட்டையில் ஏறினால் லேசில் போகாது.

ஒரு கிலோ நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். ஒரு கிலோவில் ஐந்நூறு, அறுநூறு கூடு நிற்கும். அரைக் கிலோ பட்டு உள்ள சேலை என்றால் ஏறக்குறைய 2,000 உயிர் வரை போகும். காஞ்சிப் பெரியவர் பட்டே வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான்.

அஹிம்சைப் பட்டு வாங்கலாமே என்று உன் தோழி சொன்னாளாம். அன்றைய ஆந்திரத்தில் குசும ராஜய்யா என்பவர் பூச்சி வெளியே வந்த பிறகு அந்தக் கூட்டில் நூல் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார், உண்மைதான். நல்ல முயற்சி. ஆனால் அந்தப் பூச்சிக்குப் பறக்கவும் தெரியாது, தின்னவும் வழியில்லை. சில நாளில் செத்துவிடும். அதற்குள் இடுகிற நானூறு ஐந்நூறு முட்டையில் பொரிகிற புழுவுக்கெல்லாம் இலை யார் போடுவது? அந்தப் பெயரைக் கேட்டதும் மனசு சமாதானமாகிவிட வேண்டாம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்கு ஊன் விற்பவனும் இருக்கமாட்டான் என்று வள்ளுவர் கணக்குப் போட்டார். வாங்குகிறவன்தான் அடுத்த கொலைக்கு ஆள் அனுப்புகிறான். நீயும் அதை வைத்தே பார். இந்தத் துணியை நான் உடுத்துவதால் இன்னொன்று செய்யச் சொல்லி யாருக்காவது பணம் போகிறதா? போகவில்லை என்றால் உடுத்து. காந்தி தோலையே ஒதுக்கிவிடவில்லை. கொன்ற மாட்டின் தோல் வேண்டாம், தானாகச் செத்த மாட்டின் தோலில் செருப்பு செய்யுங்கள் என்றார். மாடு எதனால் செத்தது என்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது.

அந்தக் கோட்டு அவளுக்குச் சிறிதாகிப் போய் அலமாரியில் கிடந்தது என்றாய். அப்படியென்றால் போட்டுக்கொள். மைனஸ் முப்பதில் நடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் எந்த வாத்துக்கும் உயிர் திரும்பாது. ஆனால் உனக்குக் கொடுத்ததற்காக அவள் புதிதாக இன்னொரு இறகுக் கோட்டு வாங்கப்போகிறாள் என்றால் கணக்கு மாறிவிடும், கேட்டுப் பார். பழைய கடையில் காசு கொடுத்து வாங்குவதையும் யோசித்துச் செய். பாதி விலைக்கு விற்றுவிடலாம் என்ற தைரியத்தில்தான் பலர் புதிது வாங்குகிறார்கள்.

ஆயாவின் சேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரக்கு உடல், பச்சைக் கரை, முந்தியில் மயில் வரிசை. மடிப்பு ஓரத்தில் லேசாக விட்டிருக்கிறது, அம்மா தைத்து வைத்திருக்கிறாள். நீ வேண்டாம் என்றால் அது எங்கே போகும் தெரியுமா? தெருவில் பழைய பட்டு வாங்க வருகிறவர்கள் எடைபோட்டு எடுத்துப் போவார்கள். சரிகையில் உள்ள வெள்ளிக்காகச் சேலையையே எரிப்பார்கள். அதனால் எந்தப் புழுவுக்கு என்ன லாபம்? கட்டு. மண்டபத்தில் உன்னைப் பார்த்து, "சைவம் என்கிறாள், பட்டு மட்டும் உடுத்தலாமா" என்று யாராவது கேட்பார்கள். ஆயாவுடையது, புதிதாக வாங்கமாட்டேன் என்று நேராகச் சொல்லிவிடு. உன்னைப் பார்த்து ஒருத்தி புதுப்பட்டு எடுக்கக் கிளம்பினால் அதுவும் கணக்கில் சேரும். அதனால் கேட்காதவர்களிடமும் சொல்.

எனக்குக் கவலை எல்லாம் நீ கேட்காமல் விட்ட மூன்றாவது துணியைப் பற்றித்தான். மாப்பிள்ளை வீட்டில் முகூர்த்தப் பட்டு எடுக்க ஆவணியில் காஞ்சிபுரம் போகிறார்கள். அதை நீ வாங்கவில்லை, அன்பளிப்பாக வருகிறது, மறுத்தால் மனசு நோகும் என்று விட்டுவிடாதே. ஆயாவின் சேலை உனக்காக நெய்ததில்லை. இது உனக்கென்றே கடையில் கேட்டு, உன் பேரைச் சொல்லி எடுப்பது. பில் யார் பேரில் இருந்தாலும் அந்த 2,000 உயிரும் உனக்காகப் போனவைதான். எடுத்து வந்த பிறகு மறுத்தால் அவர்களுக்கும் அவமானம், புழுவுக்கும் பயனில்லை. சொல்வதானால் இப்போதே சொல்ல வேண்டும்.

நீ முதலில் மாப்பிள்ளையிடம் பேசு. அவர் சரி என்றால் சம்பந்தியிடம் நானே பேசுகிறேன். பட்டுத் துறைக்காரன் வீட்டுப் பெண் பட்டு வேண்டாம் என்கிறாளா என்று கேட்பார்கள், கேட்கட்டும். நல்ல பருத்தியில் கண்டாங்கி எடுக்கச் சொல்லலாம், அம்மாவுக்கும் அது பிடிக்கும். ஆடி முடிவதற்குள் எனக்குப் பதில் போடு.

அன்புடன்,
அப்பா