புற்றுநோய் மரபணு எல்லாரிடமும் உண்டு

ஆசிரியருக்கு,

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ‘புற்றுநோய் மரபணுக்கள்’ பற்றி வெளியான செய்தி, அவை ஏதோ சில குடும்பங்களில் மட்டுமே இருப்பவை என்று எண்ண வைக்கிறது. உண்மையில் அவை நம் எல்லாரிடமும் உள்ளவை; செல் வளர்ச்சியை நெறிப்படுத்துபவை. எடுத்துக்காட்டாக, அவற்றுள் ஒரு மரபணு உருவாக்கும், 1979-இல் கண்டறியப்பட்ட பி53 புரதம், டி.என்.ஏ. சேதமுற்றால், பிரிவைத் தடுக்கும் பி21 மரபணுவைப் படியெடுக்கச் செய்து (அதாவது அதன் செய்தியை நகலெடுத்துச் செயல்பட வைத்து) செல் பிரிவதை நிறுத்துகிறது, எம்.ஒய்.சி. என்ற மற்றொரு மரபணுவின் புரதமோ வளர்ச்சிக்கான மரபணுக்களின் படியெடுப்பை முடுக்கிவிடுகிறது. முன்னது பழுதடைவதும் பின்னது அடங்காமல் இயங்குவதும் பெரும்பாலும் வாழ்நாளில், புகையிலை போன்றவற்றாலும் செல் பிரியும்போது நேரும் பிழைகளாலும் ஏற்படுபவை. பரம்பரையாக வரும் புற்றுநோய் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான்.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில், வெற்றிலையோடு புகையிலை அடக்கிவந்த ஒருவருக்கு வாய்ப்புற்று என்றதும், பூ வைத்து உறுதி செய்திருந்த அவர் மகளின் சம்பந்தத்தை மாப்பிள்ளை வீட்டார் முறித்துக்கொண்டார்கள். புகையிலையை யாரும் குறை சொல்லவில்லை. ஆகவே இத்தகைய செய்திகளில், கூறப்படும் மரபணு மாற்றம் பரம்பரையாக வருவதா, பிறகு ஏற்படுவதா என்பதை ஒரு வரியிலேனும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

— ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், மேலூர், மதுரை மாவட்டம்