பாட்டிலின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மவுத்வாஷ் பாட்டிலின் முன்பக்கம்தான் தெரிகிறது. நீல நிறம், பனிக்கட்டி, நாள் முழுக்கப் புத்துணர்ச்சி என்று ஒரு வாக்குறுதி. இதை வைத்துக்கொண்டு "நல்லதாப்பா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பு. எதை வாங்கினாலும் பின்பக்கம் படிக்கிற மனுஷன் என்று உன் அம்மா என்னைக் கேலி செய்வாள், செய்யட்டும்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது பாட்டில் இல்லை. ராத்திரி அசதியாக இருந்தால் பிரஷ் பண்ணாமல் கொப்பளித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன் என்று போகிற போக்கில் சொன்னாயே, அதுதான். பல்லின் மேல் படிவது வெறும் அழுக்கு அல்ல, கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வளரும் ஒரு பிசின் படலம். எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்காமல் அலசி மட்டும் வைத்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான். மவுத்வாஷ் மேலாக நனைத்துவிட்டுப் போகும். பிரஷ் உரசினால்தான் படலம் கலையும். பல் இடுக்கில் பிரஷும் நுழையாது, அங்கே ஃப்ளாஸ் நூல்தான் போகும். விட்டுவைத்தால் எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து அது காரையாக இறுகிவிடும். அப்புறம் பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

சரி, பின்பக்கத்தில் எதைத் தேடுவது? சோடியம் ஃப்ளூரைடு 0.05% என்று இருந்தால் அது சொத்தையைத் தடுக்க உதவுவது, தினமும் பயன்படுத்தலாம். செட்டில்பிரிடினியம் குளோரைடு என்ற நீளமான பெயரோ, தைமால், யூகலிப்டால், மென்தால் என்ற எண்ணெய்ப் பெயர்களோ இருந்தால் கிருமியைக் கொஞ்சம் குறைப்பவை. துத்தநாக உப்பு இருந்தால் வாடை தரும் கந்தகச் சேர்மங்களைப் பிடித்து அடக்கும். இவை எதுவுமே இல்லாமல் நிறமும் மணமும் இனிப்பும் மட்டும் என்றால் அது வாய்க்குப் போடும் சென்ட். தப்பில்லை, ஆனால் அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்காதே.

குளோர்ஹெக்சிடின் என்று கண்ணில் பட்டால் மட்டும் நில். அது மருந்து. உன் அம்மாவுக்கு ஈறு சிகிச்சை நடந்தபோது மருத்துவர் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் பல்லெல்லாம் பழுப்பாகிவிட்டது, சாப்பாட்டில் உப்பே தெரியவில்லை என்று தினமும் என்னோடு சண்டை. கறையைப் பிறகு மருத்துவரே சுத்தம் செய்து எடுத்தார், ருசியும் திரும்பிவிட்டது. இன்னொன்று: பேஸ்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இந்த மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் பிரஷ் செய்து அரை மணி நேரம் கழித்துத்தான் கொப்பளிக்கச் சொன்னார்கள். யாரும் எழுதிக் கொடுக்காமல் இதை நீயாக மாதக்கணக்கில் பயன்படுத்தக் கூடாது.

அடுத்து ஆல்கஹால். சில வகைகளில் 20 சதவீதத்துக்கு மேல்கூட இருக்கும். சுரீரென்று எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். எரிச்சலுக்கும் பலனுக்கும் தொடர்பில்லை. உனக்கு அடிக்கடி வாய்ப்புண் வரும். போதாததற்கு, நீ போடும் அலர்ஜி மாத்திரையே வாயை உலர்த்தக்கூடியது. எச்சில் குறைந்தால் வாடையும் கூடும், சொத்தையும் கூடும். ஆல்கஹால் இல்லாததாகப் பார்த்து வாங்கு.

எப்போது கொப்பளிப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரஷ் செய்த கையோடு மவுத்வாஷ் போடாதே. பேஸ்டில் ஃப்ளூரைடு பெரும்பாலும் 1000 முதல் 1500 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு, இருக்கும். தினசரி மவுத்வாஷில் சுமார் 225 தான். அடர்த்தியானது பல்லில் உட்காரும் நேரத்தில் நீர்த்ததை ஊற்றிக் கழுவிவிடுகிறாய். பிரஷ் செய்தால் நுரையைத் துப்பு, அவ்வளவுதான், தண்ணீர் விட்டுக்கூடக் கொப்பளிக்க வேண்டாம். முதலில் ஒரு மாதிரி இருக்கும், பழகிவிடும். மவுத்வாஷை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள். மூடியில் கோடு போட்டிருக்கும், அதுவரை ஊற்றி, பாட்டிலில் சொல்லியிருக்கும் நேரம் வரை கொப்பளித்துத் துப்பிவிடு. பெரும்பாலும் அரை நிமிடம், சிலவற்றில் ஒரு நிமிடம். அதற்குப் பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாதே, குடிக்காதே.

"கிருமிகளை அடியோடு ஒழிக்கும்" என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்காதே. வாயில் இருக்கும் எல்லாக் கிருமியும் எதிரி இல்லை. காய்கறியில் இருக்கும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவதே நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாதான். அதிலிருந்து உடல் நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது, அது ரத்தக் குழாயைத் தளர்த்த உதவுகிறது. விளம்பரக்காரர்கள் நம்மைப் பயமுறுத்துவது இன்று நேற்று வந்ததல்ல. லிஸ்டரின் என்ற பிரபல மவுத்வாஷ் 1879-ல் கிருமிநாசினியாகத்தான் வந்தது. 1920-களில்தான் வாய் நாற்றம் இருந்தால் கல்யாணமே நடக்காது என்கிற அளவுக்குப் பயமுறுத்தி அதை விற்றார்கள்.

மீட்டிங்கில் பக்கத்தில் உட்காரவே கூச்சமாக இருக்கிறது என்றாயே, அதற்கு முதலில் நாக்கை வழி. வாடை பெரும்பாலும் நாக்கின் பின்பகுதியிலிருந்துதான் வரும். தண்ணீரும் அடிக்கடி குடி.

பிரஷ் செய்யும்போது ரத்தம் வருவதை மட்டும் மவுத்வாஷிடம் ஒப்படைக்காதே. ஈறு ஓரத்தில் படலம் தங்கி வீங்கியிருப்பதுதான் வழக்கமான காரணம். ஆரம்பத்திலேயே சுத்தம் செய்தால் முழுதாகச் சரியாகிவிடும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் இன்னும் மோசமாகும். மிருதுவான பிரஷால் அங்கேதான் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். மணமான தண்ணீர் வாடையை மறைத்துவிடும், நீயும் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாய், உள்ளே ஈறு நோய் எலும்பு வரை இறங்கிவிடும். அதனால் மருத்துவரைப் பார். போகும்போது பாட்டிலையும், நீ போடும் மாத்திரைகளின் பெயரையும் எடுத்துக்கொண்டு போ.

குட்டிப் பையன் கைக்கு எட்டாத உயரத்தில் பாட்டிலை வை. ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள், நீல நிறம் வேறு ஜூஸ் மாதிரி இருக்கிறது.

இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடு. வாங்கியதும் உன் அம்மாவுக்குச் சொல். அவள்தான் தினமும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா