நான்கு இலக்கப் புள்ளிப்பலகையின் சுற்றுப் பிழை பற்றிய புகார்

மாங்குளம்,
முல்லைத்தீவு மாவட்டம்.

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

ஐயா,

எங்கள் கழகத்தின் கரப்பந்தாட்டத் திடலுக்கென்று உங்களிடம் பாகங்களாக வாங்கி நாங்களே ஒட்டிப் பொருத்திய நான்கு இலக்க எல்.ஈ.டி புள்ளிப்பலகை பாவிக்க முடியாத நிலையில் இருக்கிறது. பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன்.

மின்சாரம் கொடுத்ததும் 00-00 அழகாகத் தெரிகிறது. முதல் புள்ளியைப் போட்டால் எதுவும் மாறாது. இரண்டாவது புள்ளியில் நான்கு இடத்திலும் 8 வந்து நிற்கும். இலக்கங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மாறி மாறி, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் எரிய வேண்டிய பலகையில் நான்கும் சேர்ந்தே எரிகின்றன. இலக்கத்தை வரையும் ஏழு கோடுகளில் ஒன்றுக்குரியவை மற்றவற்றிலும் விழுகின்றன. 1-இன் இரு கோடுகளும் 0-க்குள் அடங்குவதால்தான் முதல் புள்ளியில் பிழை தெரிவதில்லை; 2-இன் நடுக்கோடு 0-உடன் சேர்ந்ததும் 8 ஆகிவிடுகிறது. பூச்சியத்தை மட்டும் பார்த்துச் சோதித்திருந்தால் உங்கள் கண்ணிலும் பட்டிருக்காது.

தொலைபேசியில் பேசியவர் "உங்கட சோல்டர் வேலைதான் பிழை" என்றார். அதை நான் ஏற்கவில்லை. உங்கள் சுற்றுப்படமே பிழை.

பெரிய இலக்கம் என்பதால் ஒவ்வொரு கோட்டிலும் நான்கு சிவப்பு எல்.ஈ.டிகள் தொடராக உள்ளன. ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வோல்ற் வீதம் 8 வோல்ற் வேண்டும். ஆகவே 12 வோல்ற் கொடுத்தது சரி. ஆனால் இலக்கத்துக்கு ஒன்றாக, சுவிட்ச் போல அந்த 12 வோல்ற்றைக் கொடுத்து நிறுத்தும் பி.என்.பி ட்ரான்சிஸ்டர்களின் பேஸை (கட்டுப்படுத்தும் காலை), எந்த இலக்கம் எரிய வேண்டும் என்று தெரிவு செய்யும், 5 வோல்ற்றில் ஓடும் 74எச்.சி.138 சிப்புடன் ஒரு 4.7 கிலோ ஓம் தடையியால் நேரே தொடுத்திருக்கிறீர்கள். பி.என்.பி அணைய வேண்டுமானால் பேஸ் கிட்டத்தட்ட 12 வரை ஏற வேண்டும். சிப்பின் கால் 5-க்கு மேல் ஏறாதே! அணைந்திருக்க வேண்டிய நேரத்திலும் பேஸ் வழியே 1.3 மில்லி அம்பியர் அளவு ஓடுகிறது. ட்ரான்சிஸ்டரை அணையவிடாமல் வைத்திருக்க அது போதும். மீற்றர் வைத்துப் பார்த்தேன்: நான்கு பேஸிலும் 11.3 வோல்ற், அசையவே இல்லை.

ஒவ்வொரு பி.என்.பிக்கும் முன்னால் தன் தடையியோடு, சிப்பின் 5 வோல்ற்றாலேயே இயக்கக்கூடிய ஒரு பி.சி.547 என்.பி.என் ட்ரான்சிஸ்டர், பி.என்.பியின் பேஸுக்கும் எமிற்றருக்கும் (12 வோல்ற் வரும் கால்) இடையில் 10 கிலோ ஓம் தடையி, 138-க்குப் பதிலாக அதே கால் அமைப்புள்ள, ஆனால் தெரிவான காலை 0-க்குப் பதில் 5 வோல்ற்றாக்கும் 74எச்.சி.238. இவ்வளவும் செய்தால் சரியாகிவிடும். நாங்களே செய்யலாம்தான். ஆனால் பலகையின் செப்புத் தடங்களை வெட்ட வேண்டும், சாமான் எடுக்க வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டும். கழகப் பெடியள் சேர்த்த காசில் முழு விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு இது நியாயமில்லை.

எனவே திருத்திய பலகையை உங்கள் செலவில் அனுப்புங்கள், அல்லது பார்சல் கூலியோடு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். இதை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் பிழையை அறிவியுங்கள். எங்கோ ஒரு மாணவன் தன் கையில்தான் குறை என்று நம்பி, திரும்பத் திரும்பக் கழற்றி ஒட்டிக்கொண்டிருப்பான். பணத்தைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவோம்.

இப்படிக்கு,
கழகச் செயலாளர்