22 நிமிடங்களும் திரையின் கால் பங்கும் குறைந்த திரைப்படம் பற்றிய புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையத் திரைப்பட வாடகைப் பிரிவு.

பொருள்: விளம்பரப்படுத்திய பதிப்புக்கு மாறாக, வெட்டப்பட்ட பதிப்பை வழங்கியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த 8-ஆம் தேதி இரவு தங்கள் தளத்தில் 149 ரூபாய் செலுத்தி, தாரியோ அர்ஜெந்தோ இயக்கத்தில் 1975-இல் வெளிவந்த 'ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ' என்ற இத்தாலியக் கொலை மர்மப் படத்தை வாடகைக்கு எடுத்தேன். 'முழுமையான இத்தாலியப் பதிப்பு, 127 நிமிடங்கள், அசல் அகலத்திரை' என்று படத்தின் பக்கத்தில் போட்டிருந்ததை நம்பித்தான் பணம் கட்டினேன். ஆனால் ஓடியது 105 நிமிடங்கள்தான். ஒலித்தது ஆங்கிலம் மட்டுமே. படமும் இரு ஓரங்களிலும் வெட்டப்பட்டிருந்தது.

இவற்றுள் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது கடைசியாகச் சொன்ன குறைதான். டேவிட் ஹெமிங்ஸ் நடித்த பியானோ கலைஞர், இரவில் ஆளரவமற்ற ஒரு சதுக்கத்தில் நண்பனோடு பேசிக்கொண்டிருக்கும்போது, மாடிச் சன்னலில் ஒரு பெண் கொல்லப்படுவதைக் கண்டு ஓடுகிறார். ஓவியங்கள் வரிசையாக மாட்டிய தாழ்வாரம் ஒன்றைக் கடந்துதான் அவர் அந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்கிறார். பிறகு அங்கே தாம் கண்ட ஏதோ ஒன்று இப்போது இல்லை என்ற உறுத்தல் அவரை விடவே இல்லை; கதை முழுவதும் அந்த உறுத்தலின் மேல்தான் நிற்கிறது. விடையை இயக்குநர் ஒளித்து வைக்கவில்லை. கேமரா தாழ்வாரத்தில் நகரும் அந்தச் சில நொடிகளில் அது நம் கண்முன்னே வந்து போகிறது. படம் பார்க்காத தங்கள் ஊழியர்களுக்காக அது என்ன என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அந்தக் காட்சி 2.35-க்கு 1 என்ற அகல-உயர விகிதத்தில் அமைக்கப்பட்டது. தொலைக்காட்சித் திரையை நிரப்புவதற்காக அதை 1.78-க்கு 1 ஆக வெட்டினால், ஏறக்குறையக் கால் பங்கு படம் போய்விடும். சதுக்கத்து நீரூற்றுச் சிலையை நடுவில் வைத்து, நண்பர்கள் இருவரையும் தள்ளித் தள்ளி நிறுத்தியிருக்கும் அருமையான காட்சியில், தங்கள் பிரதியில் ஒருவரின் தோள் மட்டும்தான் எஞ்சியிருக்கிறது. தாழ்வாரக் காட்சியிலோ, எது தெரிய வேண்டுமோ அதுவே ஓரத்தோடு போய்விட்டது. சென்ற ஆண்டு நண்பர் ஒருவரிடமிருந்த ப்ளூ-ரே தட்டில் முழுப்படத்தையும் பார்த்தவன் என்பதால், ஐந்து முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

அன்று இந்தப் படத்தை நான் எடுத்ததே என் தந்தைக்காகத்தான். 74 வயதான அவர், இளமை முதல் துப்பறியும் நாவல்களை விடாமல் படிப்பவர். மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு, சந்தேகப்படும் ஒவ்வொருவர் பெயரையும் குறித்தபடியே படம் பார்ப்பவர். இறுதிக் காட்சியில் உண்மை வெளிப்பட்டதும் அவர் நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, "இதை நமக்குக் காட்டவே இல்லையேப்பா, இது ஏமாற்று வேலை" என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்துவிட்டார். தங்கள் பிரதி செய்த பிழைக்கு அவர் இயக்குநரைக் குற்றம் சொன்னார். அதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

குறைந்துபோன 22 நிமிடங்களும் சாதாரணமானவை அல்ல. அன்றைய அமெரிக்க வெளியீட்டுக்காக, கடுமையான வன்முறையோடு நகைச்சுவைக் காட்சிகளையும், நாயகனுக்கும் தாரியா நிக்கொலோதி நடித்த பத்திரிகையாளருக்கும் இடையே வளரும் நெருக்கத்தையும் வெட்டினார்கள். அவர்கள் இருவரின் செல்லச் சண்டையும் சிரிப்பும் இருந்தால்தான் அடுத்த கொலை நம்மை அதிர வைக்கும். வெட்டப்பட்ட பகுதிகளுக்கு ஆங்கில ஒலி கிடையாது. தட்டுகளில் அந்த இடங்களில் இத்தாலிய ஒலியும் வசன வரிகளும் வரும். அக்காலத்து இத்தாலியப் படங்களில் எந்த மொழியானாலும் குரல் பின்னால் சேர்க்கப்பட்டதே என்பதால், ஆங்கில ஒலி இருப்பதை நான் குறை கூறவில்லை. இத்தாலிய ஒலி உண்டு என்று அறிவித்துவிட்டுக் கொடுக்காததே என் குறை.

தங்கள் தமிழ் அறிமுகக் குறிப்பில் இதை 'மஞ்சள் படம்' என்று எழுதியிருப்பதையும் உடனே மாற்ற வேண்டும். மொன்தாதோரி பதிப்பகம் 1929-இல் மஞ்சள் அட்டையோடு வெளியிடத் தொடங்கிய துப்பறியும் நாவல் வரிசையால்தான், மர்மக் கதைகளுக்கு இத்தாலியில் 'ஜாலோ' (இத்தாலிய மொழியில் மஞ்சள்) என்ற பெயர் நிலைத்தது. தமிழில் மஞ்சள் பத்திரிகை என்றால் என்ன பொருள் என்பது யாவரும் அறிந்ததே. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு என் தந்தை முதலில் கூடத்தில் வந்து உட்காரவே தயங்கினார்.

மறுநாள் தங்கள் உதவி எண்ணை அழைத்தபோது, இணைய வேகத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள். வேகத்தில் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே, செலுத்திய தொகையைத் திருப்பித் தருமாறும், முழுப் பதிப்பு கிடைக்கும்வரை படத்தின் பக்கத்தில் உண்மையான நீளத்தையும் திரை அளவையும் குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். பணம் செலுத்திய ரசீதையும், தாழ்வாரக் காட்சியின் திரைப்பிடிப்புகள் மூன்றையும் இணைத்துள்ளேன். சரியான பிரதி ஏற்றப்பட்டதும் எனக்குத் தெரிவியுங்கள். என் தந்தை அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
மதுரை.