வளர்ப்பு நாய்களின் கருத்தடைக்கு ஒரே வயதை விதியாக்க வேண்டாம்

புதுச்சேரி கால்நடை பராமரிப்புத் துறை இயக்குநர் அவர்களுக்கும், புதுச்சேரி, உழவர்கரை நகராட்சி ஆணையர்களுக்கும் வணக்கம்.

தெருநாய்களுக்குக் கருத்தடை தொடர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கையில் சிக்கும்போதே செய்தாக வேண்டிய வேலை அது. வீட்டு நாயின் கணக்கு வேறு. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அந்தப் பொறுப்பை உரிமையாளரிடம் ஒப்படைத்திருக்கின்றன. ஆனால் எப்போது செய்வது என்று கேட்டால், எந்த இனமானாலும் 'ஆறு மாதம் ஆனதும் கூட்டி வாருங்கள்' என்ற பதில்தான் எங்களில் பலருக்குக் கிடைக்கிறது.

பெட்டை நாய்க்குக் கருத்தடையால் கிடைக்கும் பெரிய நன்மை, கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயிலிருந்து காப்பு. ஹீட் (பெட்டை இணைசேரத் தயாராகும் பருவம்) முடிந்து சில வாரங்களில் நாய் சோற்றைத் தொடாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் வெளியே தெரியாது என்பதால், வெயிலுக்குச் சுணங்கிக் கிடக்கிறது என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். கருத்தடை அரிதாக இருந்த சுவீடனின் காப்பீட்டுப் பதிவுகளில், பத்து வயதுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒரு பெட்டைக்கு இது வந்திருக்கிறது. முதல் ஹீட்டுக்கு முன்பே செய்தால் மடியில் கட்டி வராது என்று சொல்வதற்கான சான்று அவ்வளவு உறுதியானதல்ல என்று 2012இல் வெளியான ஒரு மீளாய்வு கூறியது. கருத்தடைக்குப் பின் சில பெட்டைகள் தூக்கத்தில் தம்மை அறியாமல் சிறுநீர் விடுவதும், ஆண் பெண் இரண்டுமே எளிதில் எடை போடுவதும் உண்டு.

ஆனால் வயது என்னும் கேள்வி கூர்மையாவது பெரிய இனங்களில்தான். எலும்பு நீளக் காரணமான, எலும்பு முனைகளின் வளர்ச்சித் தட்டுகள் உரிய காலத்தில் மூடிக்கொள்ளப் பாலின ஹார்மோன்கள் தேவை; கருத்தடையோ அவற்றைக் குறைத்துவிடுகிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 759 கோல்டன் ரிட்ரீவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வயதுக்குள் கருத்தடை செய்யப்பட்ட ஆண் நாய்களில் 10 சதவீதத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு இருந்தது. செய்யப்படாதவற்றைப் போல் இது இரு மடங்கு. அதே குழுவினர் 2020இல் 35 இனங்களைப் பார்த்தபோது, சிறிய இனங்களில் மூட்டுக் கோளாறு அப்படிக் கூடவில்லை. ஆக, பொமரேனியனுக்குச் சொல்வதை லாப்ரடாருக்கும் சொல்வது சரியாகாது.

அதற்காக எல்லோரும் காத்திருக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. மாலையில் கேட்டைத் திறந்து தெருவில் விடப்படும் நாய்க்குத் தாமதமே ஆபத்து. வேண்டாத குட்டிகள் ஒருபுறமிருக்க, இணைசேர்க்கையால் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி நம் தெருநாய்களிடையே பரவலாக இருக்கிறது.

எனவே உரிமம், பதிவு என எந்த நடைமுறையிலும் கருத்தடைக்கு ஒரே வயதை நிபந்தனையாக்காமல், இனம், எடை, பாலினம், வளர்க்கும் முறை ஆகியவற்றைப் பார்த்து மருத்துவரும் உரிமையாளரும் முடிவு செய்ய இடம் விடுமாறு வேண்டுகிறேன். நன்மை தீமை இரண்டையும் சொல்லும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பைத் தடுப்பூசி போட வரும்போதே கொடுக்கலாம். அந்த 35 இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இல்லை. குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி, தன்னிடம் வரும் நாட்டு இன நாய்களின் கருத்தடை வயதையும் பின்னாளில் வரும் நோய்களையும் சேர்த்துப் பதிவு செய்யத் துறை வழிசெய்ய வேண்டும்.

இங்ஙனம்,
லாஸ்பேட்டையில் நாய் வளர்க்கும் ஒருவர்