பாரிசவாதத்தோடு கொவிட்டும் இருந்தால்: வன்னியின் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கு,

மதிப்புக்குரியவர்களே,

பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தவருக்குக் கொவிட் தொற்றும் இருந்தால் இறக்கும் ஆபத்து கூடும். யார் யாருக்கு இன்னும் கூடும் என்பதும் தெரிந்ததே: வயது போனவர்கள், பெரிய இரத்தக்குழாய் அடைபட்டு நினைவு மங்கி வருபவர்கள், நீரிழிவோ இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், நுரையீரலைத் தொற்று முன்னமே பிடித்துவிட்டவர்கள். இரத்தப் பரிசோதனையில் டி-டைமரும் (இரத்தம் உறைவதைக் காட்டும் அளவு) சி.ஆர்.பி.யும் (அழற்சியைக் காட்டும் அளவு) ஏறி, லிம்போசைற் (ஒருவகை வெள்ளை அணு) இறங்கியிருந்தால் அதுவும் கெட்ட அறிகுறி. வன்னியில் சிறுநீரகத்துக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியுள்ள கிராமங்கள் இருக்கின்றன. சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியேற்றினினைப் பார்க்காமல், இரத்தம் உறையாமல் தடுக்கும் எனொக்சபரின் 40 மில்லிகிராம் என்று வழமைபோல் எழுதினால் மருந்து உடலில் தேங்கும், மூளைக்குள் இரத்தம் கசியவும் கூடும்.

வயதை மாற்ற முடியாது. காய்ச்சல், இரத்தச் சீனி, விழுங்கல் மூன்றையும் முதல் 72 மணிநேரம் ஒழுங்காகக் கவனித்தால் பலன் உண்டு. அவுஸ்திரேலியாவின் 19 வைத்தியசாலைகளில் தாதியரைக் கொண்டு இதைச் செய்து பார்த்த ஆய்வு 2011 இல் வெளிவந்தது. 90 நாளில் இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ நேர்ந்தவர்களும் சேர்த்து வழமையான பராமரிப்பில் 58 வீதமாகவும், இப்படிக் கவனிக்கப்பட்டவர்களில் 42 வீதமாகவும் இருந்தார்கள். புதிய இயந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

கொவிட் தனிமைப்படுத்தல் விடுதியில்தான் இது தவறுகிறது. பாதுகாப்பு அங்கி போட்டுக் கழற்றும் சிரமத்தில் உள்ளே போகும் தடவைகள் குறையும். அந்த இடைவெளியில் பக்கத்தில் நிற்கும் உறவினர் ‘தொண்டை காயுது’ என்று ஒரு வாய் தேத்தண்ணி பருக்குவார். அது நுரையீரலுக்குள் இறங்கினால், கொவிட் நிமோனியாவின் மேல் இன்னொரு நிமோனியா.

ஆகவே விழுங்கல் சோதனை முடியும்வரை வாயால் மாத்திரைகூடக் கொடுக்கக்கூடாது. நோயாளி விழிப்பாக இருக்க வேண்டும். நிமிர்த்தி இருத்தி, வாயைத் துடைத்து, ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுங்கள். குரல்வளை மேலே எழும்புகிறதா என்று விரலை வைத்துப் பார்த்து, பிறகு ‘ஆ’ சொல்லச் சொல்லுங்கள். இப்படி மூன்று தடவை செய்து, மூன்றும் சரியென்றால் 50 மில்லிலீற்றர் தண்ணீர் கொடுங்கள். இருமினாலோ குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்தி, மூக்கு வழியாக உணவு கொடுக்கும் குழாய்க்கு ஏற்பாடு செய்யுங்கள். இருமவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம், மரத்த தொண்டை இருமாது. இருமலில் தொற்று பறக்கும் என்பதால் சோதிப்பவருக்கு என்95 முகக்கவசம் கட்டாயம்.

இரத்தச் சீனியை நோயாளி வந்தவுடனேயே பாருங்கள். ஒரு டெசிலீற்றரில் 60 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அதுவே பாரிசவாதம் போலத் தோன்றும். ஒட்சிசன் தேவைப்படும் கொவிட் நோயாளிக்கு சீனியை ஏற்றக்கூடிய டெக்சாமெதசோன் என்ற ஸ்ரீரொயிட் மருந்தை 6 மில்லிகிராம் கொடுக்கிறோம். காலையில் கொடுத்தால் பின்னேரம்தான் சீனி ஏறும். வெறும்வயிற்றுச் சீனியை மட்டும் பார்த்தால் அது பிடிபடாது. ஆறு மணிக்கொரு தடவை குத்திப் பார்த்து, 180 ஐத் தாண்டினால் இன்சுலின் கொடுக்க வேண்டும்.

இரத்தத்தில் ஒட்சிசன் அளவு 94 வீதத்துக்குக் கீழே போனால் ஒட்சிசன் கொடுங்கள். மூச்சு வாங்காமலே அளவு இறங்குவது கொவிட்டின் குணம். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் விரலில் மாட்டி ஒட்சிசனை அளக்கும் கருவி பிழையாகக் காட்டும்.

மூளையின் இரத்தக்குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து உள்ள நேரம் நாலரை மணித்தியாலம். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து வரும் நோயாளிக்கு அதில் பெரும்பங்கு வீதியிலேயே போய்விடும். மிஞ்சுவதைக் கொவிட் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்து தொலைக்கக்கூடாது. தொற்று உள்ளவராகவே கருதி, முகக்கவசம் அணிவித்து, நேரே சீ.ரி. ஸ்கானுக்கு அனுப்ப உங்கள் சுற்றறிக்கை வேண்டும்.

இடமாற்றக் கடிதத்தில் ஒரு கட்டத்தைச் சேர்த்துத் தாருங்கள்: ‘நோயாளி கடைசியாக நல்லாயிருந்த நேரம்’. அந்த நாலரை மணித்தியாலத்தை அதிலிருந்தே எண்ண வேண்டும். விழுந்து கிடந்ததைக் கண்ட நேரத்தை அதில் எழுதக்கூடாது. நித்திரையால் எழும்பும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப்போன நேரத்தையே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வன்னியில் பாரிசவாத நோயாளரைப் பராமரிக்கும் வைத்தியர்களும் தாதியரும்